கல்பனாஸ்வரம் வாசிக்கத் தொடங்குவது எப்படி? கடைசி நான்கு ஸ்வரங்களிலிருந்து பின்னோக்கி ஒரு பாதை

பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, ராகத்துக்குள் அந்தந்த நேரத்தில் ஸ்வரங்களைக் கோத்து வாசித்து, மறுபடி அந்த வரிக்கே திரும்புவதுதான் கல்பனாஸ்வரம். வர்ணமும் நாலைந்து கீர்த்தனைகளும் சுத்தமாக வாசிக்கிற பலரும், “இந்த வரிக்கு ஸ்வரம் போடு” என்றதும் விரல் நின்றுபோய் விழிக்கிறார்கள். ராகம் தெரியும், தாளம் தெரியும், வாத்தியமும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் முதல் ஸ்வரத்தை எதில் தொடங்குவது என்று புரியாது. எதிலாவது தொடங்கினால், எங்கே முடிப்பது என்று புரியாது.

இரண்டில் முதலில் தீர்க்க வேண்டியது இரண்டாவது சிக்கல்தான். கல்பனாஸ்வரத்தில் தொடக்கம் உங்கள் இஷ்டம். முடிவு உங்கள் இஷ்டம் இல்லை. பாட்டின் வரி எந்த இடத்தில், எந்த ஸ்வரத்தில் எடுக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். போய்ச் சேரும் இடம் கைக்கு வந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். அதனால் இங்கே சொல்லும் முறை பின்னாலிருந்து முன்னால் வருகிறது. முதலில் கடைசி நான்கு ஸ்வரம், பிறகு கடைசி எட்டு, பிறகு ஒரு முழு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று). வயலின், வீணை, புல்லாங்குழல், மாண்டலின், கீபோர்டு எதுவானாலும் வழி இதுதான்.

தொடங்கும் முன்

ஆரம்பப் பாடங்களான சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளும் அலங்காரங்களும் இரண்டு காலத்திலாவது தடங்கலின்றி வர வேண்டும். ஆதி தாள வர்ணம் குறைந்தது இரண்டு தெரிந்திருக்க வேண்டும். தாட்டு வரிசையைப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். இடையில் ஒரு ஸ்வரத்தை விட்டுத் தாவும் பழக்கம் அங்கேதான் கிடைக்கிறது. அது இல்லாதவர் கல்பனாஸ்வரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருப்பார்.

கருவியென்று பார்த்தால் சுருதிப் பெட்டியோ தம்புரா செயலியோ ஒன்று, மெட்ரோனோம் ஒன்று, பதிவு செய்ய ஒரு கைபேசி. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டு ஒரு அட்சரம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் (நான்கு அட்சர லகு ஒன்று, இரண்டு அட்சரத் துருதம் இரண்டு) சேர்ந்தால் ஒரு ஆவர்த்தனம் 8 விநாடி. யோசிக்க அது போதுமான நேரம்.

அளவு ஒன்றை மட்டும் நன்றாக மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. கீழ்க்காலத்தில் அட்சரத்துக்கு 2 ஸ்வரம், அதாவது ஆவர்த்தனத்துக்கு 16. மேற்காலத்தில் அட்சரத்துக்கு 4, ஆவர்த்தனத்துக்கு 32. கீழே வரும் எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான்.

ராகமும் வரியும்

முதல் ராகம் மோகனம். ஸ ரி க ப த ஸ, ஸ த ப க ரி ஸ. சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம். ஐந்தே ஸ்வரம், வக்ரம் (வளைந்து போகும் வரிசை) கிடையாது, ஏறினாலும் இறங்கினாலும் அதே வரிசை. எந்த இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்தாலும் பெரும்பாலும் ராகம் கெடாது. காந்தாரத்திலும் தைவதத்திலும் நின்றால் ராகம் உடனே தெரியும். கையில் நிஷாதமோ மத்யமமோ தவறி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தோடியில் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அங்கே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) அதன் முன்பின் ஸ்வரத்தைப் பொறுத்து மாறும். ராகத்தையும் தாளத்தையும் முடிவிடத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்கப் புதியவரால் முடியாது.

அடுத்து வரி. மூன்று தகுதி பாருங்கள். சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், எடுக்க வேண்டும். ஒரு ஆவர்த்தனத்தில் முடிய வேண்டும். முதல் ஸ்வரம் தெளிவாக இருக்க வேண்டும். இங்கே உதாரணங்கள் எல்லாம் காந்தாரத்தில் எடுக்கும் வரிக்குப் பொருந்துமாறு கொடுக்கப்பட்டுள்ளன. அப்படி ஒரு வரி கையில் இல்லாவிட்டால் வர்ணத்தின் சரண வரியை எடுத்துக்கொள்ளலாம். வர்ணத்தின் சரணமே கல்பனாஸ்வரத்துக்கு எழுதிக் கொடுத்த மாதிரிதான். வரி ஒன்று, பிறகு ஸ்வரம், மறுபடி அதே வரி. ஸ்வரங்கள் வழக்கமாக ஒரு ஆவர்த்தனத்தில் தொடங்கி 2, 4 என்று நீளும், முதலில் வருவதில் நெடில் ஸ்வரங்கள் அதிகம் இருக்கும். ஒவ்வொரு சரண ஸ்வரமும் கடைசி நான்கு மாத்திரையில் என்ன செய்து வரிக்குத் திரும்புகிறது என்பதை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். நாலைந்து முடிப்பு வகைகள் இனாமாகக் கிடைக்கும்.

கடைசி நான்கு

வரி காந்தாரத்தில் எடுத்தால், ஸ்வரம் அதன் பக்கத்து வீட்டில் முடிய வேண்டும். கீழே ரி, மேலே ப. பெரும்பாலும் கீழ் ஸ்வரத்தில் முடிப்பதே வழக்கம், காதுக்கும் அதுவே இயல்பு. இதோ ரிஷபத்தில் முடியும் மூன்று:

க ப க ரி
த ப க ரி
க ரி ஸ ரி

பயிற்சி இப்படி. ஒரு ஆவர்த்தனம் வரியை வாசியுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தில் ஆறு அட்சரம் சும்மா இருங்கள். சுருதி மட்டும் ஒலிக்கட்டும், தாளம் உள்ளே ஓடட்டும். கடைசி துருதத்தில், அதாவது ஏழாவது, எட்டாவது அட்சரத்தில், மேற்சொன்ன மூன்றில் ஒன்றைக் கீழ்க்காலத்தில் வாசித்து சமத்தில் வரியைப் பிடியுங்கள்.

சும்மா இருப்பது எளிது என்று தோன்றும். வாத்தியம் கையில் இருக்கும்போது ஆறு அட்சரம் பேசாமல் இருப்பதுதான் இந்தப் பயிற்சியிலேயே கடினமானது. கை தானாக எதையாவது தொடும், தாளம் நழுவும். ஆனால் பின்னால் நீண்ட கார்வையில் (ஒரே ஸ்வரத்தை நீட்டி நிற்பதில்) தாளம் தவறாமல் இருக்க இந்த மௌனம்தான் கைகொடுக்கும், தவிர்க்காதீர்கள்.

பத்துத் தடவையில் எட்டு தடவை சரியாக விழுந்தால் அடுத்ததற்குப் போகலாம். விழவில்லை என்றால் எந்தப் பக்கம் தவறுகிறது என்று கவனியுங்கள். முன்னதாக வந்துவிடுகிறீர்கள் என்றால் பதற்றத்தில் கடைசி நான்கை வேகமாக வாசிக்கிறீர்கள். தாமதமாக வருகிறீர்கள் என்றால் ஸ்வரம் முடிந்ததும் மூச்சு விட ஒரு இடைவெளி எடுக்கிறீர்கள். ரிஷபத்துக்கும் வரியின் காந்தாரத்துக்கும் நடுவே இடைவெளியே கூடாது. ஐந்தாவது ஸ்வரமாக அந்தக் காந்தாரத்தை நினைத்துக்கொண்டால் சரியாகும்.

உங்கள் வரி பஞ்சமத்தில் எடுக்கிறதா? மோகனத்தில் எல்லாவற்றையும் ஒரு படி மேலே தள்ளினால் போதும். க ப க ரி என்பது ப த ப க ஆகும், த ப க ரி என்பது ஸ' த ப க ஆகும், க ரி ஸ ரி என்பது ப க ரி க ஆகும். (ஸ' என்பது மேல் ஷட்ஜம்.) இந்தத் தள்ளும் வேலையைத் தாளில் எழுதாமல் கையிலேயே செய்து பழகுங்கள்.

எட்டு, பிறகு பதினாறு

கடைசி இரண்டு துருதத்துக்கும் சேர்த்து எட்டு ஸ்வரம். முதல் நான்கு அட்சரம் மௌனம், பிறகு:

க ப த ப | க ப க ரி ||
ஸ' த ப க | த ப க ரி ||

இரண்டாவது நான்கு உங்களுக்கு ஏற்கெனவே கையில் இருப்பதுதான். புதிதாக யோசிக்க வேண்டியது முன்னால் உள்ள நான்கு மட்டும். ஒரு நாளில் ஐந்தாறு முன்-நான்குகளை நீங்களே செய்து அதே முடிவோடு ஒட்டிப் பாருங்கள். இங்கேதான் கற்பனை முதன்முதலாகத் தொடங்குகிறது.

முழு ஆவர்த்தனம் என்று வரும்போது புதியவர் எல்லாரும் ஒரே தவறைச் செய்வார்கள். ஸ ரி க ப த ஸ' என்று ஏறுவார்கள், ஸ' த ப க ரி ஸ என்று இறங்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். ராகம் சரி, தாளம் சரி, கேட்டால் சரளி வரிசை. காரணம், எந்த ஸ்வரத்துக்கும் அங்கே முக்கியத்துவம் இல்லை. மருந்து, ஒரு ஸ்வரத்தை வீடாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றியே 16 ஸ்வரத்தையும் செலவழிப்பது. காந்தாரம் வீடு என்றால்:

க , , ரி க ப க ரி | க , ப , | க ப க ரி ||

இங்கே காற்புள்ளி முந்தின ஸ்வரத்தை ஒரு ஸ்வர அளவு நீட்டச் சொல்கிறது. எண்ணிப் பாருங்கள், லகுவில் 8, துருதங்களில் நாலும் நாலும், மொத்தம் 16. பயன்பட்டவை ரி, க, ப மூன்று ஸ்வரம் மட்டும். ஆனாலும் கேட்டவுடன் இது மோகனம் என்று சொல்லிவிடலாம். தைவதம் வீடு என்றால்:

த , , ப த ஸ' த ப | த , ப க | த ப க ரி ||

ஒரு வாரம் முழுக்கக் காந்தாரத்தில் மட்டும் இருங்கள், அடுத்த வாரம் பஞ்சமம், பிறகு தைவதம், கடைசியில் மேல் ஷட்ஜம். கச்சேரியில் வித்வான்கள் ஸ்வரத்தை வளர்ப்பதும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான்: கீழிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக நின்று, தார ஸ்தாயிக்குப் போய், பிறகு இறங்குவது. “மூன்று ஸ்வரத்துக்கு மேல் தொடாதே” என்ற கட்டுப்பாடு கையைக் கட்டிப்போடுவது போல இருக்கும். ஆனால் மூன்று ஸ்வரத்தில் நாலு ஆவர்த்தனம் சலிக்காமல் வாசிக்கத் தெரியாதவருக்கு ஏழு ஸ்வரம் கொடுத்தாலும் சலிப்புதான் வரும்.

நடுவில் இன்னொரு விஷயம். வரியை வாசிக்கும் அந்த 8 விநாடிதான் உங்களுடைய யோசிக்கும் நேரம். வரி கை பழகிப்போன ஒன்று, அது தானாக ஓடும். அது ஓடும்போது அடுத்த ஸ்வரத்தின் முதல் நான்கை மனத்துக்குள் பாடிவிடுங்கள். வரி முடிந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் முதல் அட்சரம் வீணாகும், அதைச் சரிக்கட்ட விரல் ஓடும், முடிவு தவறும்.

வாயில் வராதது கையில் வராது

வாத்தியக்காரர்களுக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. பாடுகிறவர் “கா ரி க ப” என்று ஸ்வரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். வாத்தியத்தில் பெயர் கேட்காது. அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். வாத்தியத்தில் வாசிக்கும் கல்பனாஸ்வரம் ஆலாபனை மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் ஸ்வரமாகவே கேட்காது.

எனவே எந்தப் புதிய அமைப்பையும் முதலில் கையால் தாளம் போட்டு வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று தடவை பாடிய பிறகுதான் வாத்தியம். வயலினும் வீணையும் வாசிப்பவர்கள் வாசித்துக்கொண்டே மெல்லிய குரலில் கூடப் பாடலாம். விரல் பழக்கத்தில் தானாக ஓடுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இனி வாத்தியம் வாரியாக.

வயலினில் மேற்கால ஸ்வரத்துக்கு ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில். வில்லின் நடுப்பகுதியில், கொஞ்சமே இடம் எடுத்து. முழு வில்லையும் இழுத்தால் வேகத்தில் மணிக்கட்டு பின்தங்கும், தாளமும் கூடவே இழுபடும். நெடில் ஸ்வரத்துக்கு மட்டும் வில்லை நீட்டுங்கள். விரல் சறுக்குவதைக் கார்வைக்கு ஒதுக்கிவையுங்கள். குறில் ஸ்வரத்தில் சறுக்கினால் இரண்டு ஸ்வரம் ஒன்றாகக் குழையும்.

வீணையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மீட்டு விழ வேண்டும். ஒரே மீட்டில் மூன்று நான்கு ஸ்வரத்தை இழுத்துக் காட்டுவது ஆலாபனைக்கு அழகு, இங்கே வேண்டாம். தாளத் தந்தியை அட்சரத்துக்கு ஒரு முறை மீட்டிப் பழகினால் வெளியிலிருந்து தாளம் தேட வேண்டியதில்லை. ஆனால் புதியவர் கை குழம்பும், முதல் மாதத்தில் விட்டுவிடலாம்.

புல்லாங்குழலில் துத்துக்காரம்தான் (நாக்கால் தட்டி ஊதுவது) ஸ்வரத்தைப் பிரித்துக் காட்டுகிறது. ஜண்டை ஸ்வரம் வரும்போது, ‘க க ரி ரி’ மாதிரி, இரண்டாவது ஸ்வரத்துக்கு நாக்கு சற்று அழுத்தமாகப் பட வேண்டும். மூச்சு எங்கே எடுப்பது என்பதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். கார்வையின் கடைசி மாத்திரைதான் சரியான இடம். முடிவுக்கு முன்னால் மூச்சு தீர்ந்துபோவது குழல்காரர்களின் பொதுவான விபத்து. கடைசி இரண்டு துருதத்துக்கு முன்பே ஒரு தடவை எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

கீபோர்டில் நாலரைக் கட்டையை (F#) ஷட்ஜமாக வைத்தால் மோகனம் முழுவதும் ஐந்து கறுப்புக் கட்டைகளிலேயே அமைந்துவிடும், தவறான ஸ்வரம் விழ வாய்ப்பே இல்லை. முதல் சில நாட்களுக்கு இது பெரிய வசதி. அதற்குப் பிறகு ஒரு கட்டை (C) சுருதிக்கு மாறிவிடுங்கள். இல்லாவிட்டால் விரல் கறுப்பைத் தேடுமே தவிர ஸ்வரத்தைத் தேடாது. காந்தாரத்தின் அசைவைக் காட்ட வளைவுச் சக்கரம் (pitch bend) இருந்தால் நெடில் ஸ்வரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

தாளத்துக்குக் கை கிடையாது என்பதால் வாத்தியக்காரர்கள் காலைத் தட்டுவார்கள். தட்டலாம். ஆனால் கால் எல்லா அட்சரத்தையும் ஒரே மாதிரிதான் தட்டும், இது லகுவா துருதமா என்று சொல்லாது. ஐந்தாவது அட்சரம் எங்கே வருகிறது என்ற உணர்வு உள்ளே இருக்க வேண்டும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 15 தட்டுக்குக் குறைத்து, முதல் அட்சரத்திலும் ஐந்தாவது அட்சரத்திலும் மட்டும் ஒலிக்கும்படி வாசித்துப் பார்த்தால் அந்த உணர்வு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். உங்கள் மெட்ரோனோம் அவ்வளவு கீழே இறங்காவிட்டால் 30 வையுங்கள், இரண்டு அட்சரத்துக்கு ஒரு தட்டு.

மேற்காலம்

மேற்காலம் என்றால் வேகம் என்று நினைத்துத் தாளத்தையே ஓட்டிவிடுகிறார்கள். தாளம் அசையக் கூடாது. அட்சரத்துக்குள் விழும் ஸ்வரம்தான் இரண்டு மடங்கு ஆகிறது. முதல் நான்கு அட்சரத்துக்குக் கீழ்க்காலத்தில் 8 ஸ்வரம் வாசித்து, ஐந்தாவது அட்சரத்திலிருந்து மேற்காலத்தில் 16 ஸ்வரம் வாசியுங்கள்:

க , , ரி க ப க ரி || இது கீழ்க்காலம், லகு முழுக்க.
க ரி ஸ ரி க ப க ரி | க ப த ப க ப க ரி || இது மேற்காலம், இரண்டு துருதம்.

தொடக்கத்தில் ஐந்தாவது அட்சரத்தில் ஒரு தடுமாற்றம் இருக்கும். 60 தட்டில் தடுமாறினால் 50க்குக் குறையுங்கள். விரல் தயங்காமல் மாறிய பிறகு முழு ஆவர்த்தனத்துக்கும் 32 ஸ்வரம் வாசிக்கலாம்.

இப்படி நாலு நாலாக ஓடுவதைத்தான் சர்வலகு என்பார்கள். புதியவர்கள் இதை மட்டமாக நினைத்துச் சீக்கிரமே கணக்குக்குத் தாவப் பார்ப்பார்கள். மேடையில் ரசிகர் தலையாட்டுவது பெரும்பாலும் சர்வலகுக்குத்தான். மிருதங்கக்காரருக்கும் கூடவே வாசிக்க இதுதான் சௌகரியம். குறைந்தது இரண்டு மாதம் இதிலேயே இருங்கள்.

சலிப்பு தட்டினால் ஸ்வரத்தை மாற்றாமல் பிரிவை மாற்றிப் பாருங்கள். 16 மாத்திரையை 3+3+3+3+4 என்று பிரித்தால்:

த ப க, ப க ரி, த ப க, ப க ரி, க ப க ரி ||

(இங்கே காற்புள்ளி பிரிவைக் காட்ட மட்டும், நீட்டல் இல்லை.) நாலாகப் போகும் தாளத்தின் மேல் மூன்று மூன்றாக விழும்போது ஒரு இழுவிசை உண்டாகிறது, கடைசி நான்கில் அது சரியாகிவிடுகிறது. 5+5+6, 7+5+4, 6+6+4 என்று நீங்களே பிரித்து நிரப்பலாம். மூன்றுக்கு மூன்று அழுத்தம் கொடுக்கும்போது காலும் மூன்றைத் தட்டத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். மெதுவாக வாயால் பாடி, கையால் தாளம் போட்டுச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுங்கள்.

முத்தாய்ப்பும் கோர்வையும்

ஒரு அமைப்பை மூன்று தடவை சொல்லி வரியைப் பிடிக்கும் முத்தாய்ப்பு எல்லாருக்கும் பிடித்த முடிவு. இதற்குச் சூத்திரம் ஒன்றே ஒன்று. அமைப்பின் நீளத்தை மூன்றால் பெருக்கி, நடுவில் விடும் இடைவெளியை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் கையில் உள்ள மாத்திரை வர வேண்டும்.

கையில் கடைசி இரண்டு துருதம், அதாவது மேற்காலத்தில் 16 மாத்திரை என்றால், நான்கு மூன்று பன்னிரண்டு, இடைவெளி இரண்டு இரண்டு:

க ப க ரி , , க ப க ரி , , க ப க ரி || 

ஐந்து ஸ்வர அமைப்பென்றால் 15, எனவே ஒரு மாத்திரை தள்ளி எடுக்க வேண்டும்:

, ப த ப க ரி ப த ப க ரி ப த ப க ரி ||

மற்ற தாளத்துக்கும் இதே கணக்கு. மிஸ்ர சாபு ஒரு ஆவர்த்தனம் 14 மாத்திரை: நாலு ஸ்வரம் மூன்று தடவை, இடைவெளி ஒன்று ஒன்று. கண்ட சாபு இரண்டு ஆவர்த்தனம் 20: ஆறு ஸ்வரம் மூன்று தடவை, இடைவெளி ஒன்று ஒன்று. மூன்று அட்சர ரூபகம் இரண்டு ஆவர்த்தனம் 24: எட்டு ஸ்வரம் மூன்று தடவை, இடைவெளியே இல்லாமல்.

ஆதி தாளத்தில் ஒரு முழு ஆவர்த்தனத்துக்கான சிறு கோர்வை (கணக்காகக் கட்டிய முடிவு) இது. சமத்தில் தொடங்கிச் சமத்தில் முடியும். ஒவ்வொரு வரியும் இரண்டு அட்சரம்:

ஸ' த ப த ப க ரி ,
ப த ப க ரி , ப க
ரி க , ப க ரி க ,
ப க ரி க , ப க ரி ||

உள்ளே இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். முதலில் ஏழு ஸ்வரம், ஒரு மாத்திரை இடைவெளி, முன்னால் இரண்டைக் கழித்து ஐந்து, ஒரு மாத்திரை இடைவெளி, மறுபடி இரண்டைக் கழித்து மூன்று. இதுவரை 17. பிறகு ‘க , ப க ரி’ என்ற ஐந்து மாத்திரை அமைப்பு மூன்று தடவை, 15. மொத்தம் 32. தலையிலிருந்து குறைந்துகொண்டே வருவதால் கேட்பவருக்கும் முடிவு நெருங்குகிறது என்று புரியும்.

இதே கோர்வை மற்ற இடங்களுக்கும் உதவும். உங்கள் வரி அரை இடத்தில், அதாவது சமத்திலிருந்து 2 மாத்திரை தள்ளி எடுத்தால், 34 வேண்டும். முதல் பகுதியைத் தொடாதீர்கள். மூன்று ஐந்துகளுக்கு நடுவே ஒவ்வொரு மாத்திரை விட்டால் 15 என்பது 17 ஆகும். ஒன்றரை இடத்தில் எடுக்கும் தேசாதி வரிகளுக்கு 6 மாத்திரை கூடுதல், 38 வேண்டும். ஐந்துக்குப் பதிலாக ஏழு போடுங்கள், ‘க , ப த ப க ரி’ மூன்று தடவை, 21. பதினேழும் இருபத்தொன்றும் முப்பத்தெட்டு. (கீழ்க்கால முடிப்புகளையும் அப்படியே மாற்றலாம்: அரை இடத்துக்கு ஒரு ஸ்வரம் கூடுதல், ஒன்றரை இடத்துக்கு மூன்று.)

கோர்வையை எழுதி மனப்பாடம் செய்து வாசிப்பதில் குற்றம் எதுவும் இல்லை, பெரியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். மனப்பாடக் கோர்வையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முன்னால் வாசிக்கும் இரண்டு ஆவர்த்தனமும் பதற்றத்தில் பாழாகிறதே, அதுதான் பிரச்சினை. கோர்வைக்கு முந்தின ஆவர்த்தனத்தின் கடைசி துருதத்தை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். ‘க ப க ரி’ போதும். சமம் எங்கே என்று நன்றாகக் கேட்டு உறுதிசெய்த பிறகு எடுங்கள்.

தினசரி, துணையோடு

நாளுக்கு 40 நிமிடம் இருந்தால், வாயால் பாடுவதற்கு 10, ஒரே வீட்டு ஸ்வரத்தில் கீழ்க்காலம் 15, மேற்காலம் 10, கடைசி 5 நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். தவறினால் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடாது. இடம் தவறினாலும் தாளத்தை விடாமல் அடுத்த சமத்தில் வரியைப் பிடித்துத் தொடர்வதும் ஒரு திறமை, அதற்கும் பயிற்சி வேண்டும். பதிவைக் கேட்கும்போது ஒரே அமைப்பு எத்தனை தடவை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒன்றிரண்டு இருக்கும். மறுநாள் அதற்குத் தடை.

கூட வாசிக்க ஒருவர் கிடைத்தால் மாற்றி மாற்றி வாசியுங்கள். ஆளுக்கு ஒரு ஆவர்த்தனம், பிறகு அரை, பிறகு கால். கச்சேரியில் வரும் குறைப்பின் எளிய வடிவம் இதுதான். எதிராளி முடித்த ஸ்வரத்திலேயே நீங்களும் முடிக்க வேண்டும் என்று விதி வைத்தால் காது கூர்மையாகும். வயலினில் பக்கவாத்தியம் வாசிக்கப் போகிறவருக்கு இது கட்டாயம்.

மோகனத்துக்குப் பிறகு

அடுத்தது ஹம்ஸத்வனி. தைவதம் போய்க் காகலி நிஷாதம் வருகிறது, ஸ ரி க ப நி. மேலே கொடுத்த அமைப்பில் ‘த’ வந்த இடத்தில் ‘நி’ போட்டாலே பெரும்பாலானவை ஓடும். ‘த ப க ரி’ என்பது ‘நி ப க ரி’ ஆகும். ஆனால் பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்குத் தூரம் அதிகம், ஷட்ஜத்துக்குப் பக்கம். அதனால் தைவதத்தில் நின்ற மாதிரி இராது, நிஷாதத்தில் நின்றால் அது ஷட்ஜத்தை இழுக்கும். பழக்க தோஷத்தில் தைவதம் தட்டுப்பட்டால் அந்த ஒரு ஸ்வரமே ராகத்தைக் கெடுத்துவிடும்.

ஏழு ஸ்வர ராகத்தில் கல்யாணி. ஐந்திலிருந்து ஏழுக்குப் போனதும் சரளி வரிசை நோய் மறுபடி தலைகாட்டும், வீட்டு ஸ்வரப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்குங்கள். நிஷாதம், தைவதம், காந்தாரம் என்று ஒவ்வொன்றாக வீடாக்கலாம். சஹானா, ஆனந்தபைரவி, ரீதிகௌளை மாதிரி வளைந்து போகும் ராகங்களில் ஸ்வரத்தை இஷ்டத்துக்குக் கோக்க முடியாது. 3+3+3+3+4 என்று பிரித்து நிரப்பினால் கணக்கு சரியாக வரும், ராகம் காணாமல் போகும். அவற்றுக்கு அந்தந்த ராகத்தில் தெரிந்த வர்ணத்திலிருந்தும் கீர்த்தனைகளிலிருந்தும் பிடிகளை (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடர்களை) தனி நோட்டில் எழுதிச் சேர்த்து, பிடிக்குப் பிடி இணைத்துத்தான் வாசிக்க முடியும். இருபது பிடியாவது கையில் சேராமல் அங்கே ஸ்வரம் போடத் தொடங்க வேண்டாம்.